முப்பத்திரண்டாம் தேதி

ஆகஸ்ட் 18

திருமங்கலம் ஜோதிடர் கோமதிநாயகம் காலை ஏழரைக்கே போன் செய்தார்.

"தம்பி, உங்க சாப்ட்வேர் மாதிரியே இன்னொண்ணு வந்துருக்குல்ல. பாதி வெலதான். நான் உங்ககிட்டயே இருக்கவா, அங்கிட்டு மாறிக்கிரவா? நீங்களே ஒரு நல்ல வார்த்தை சொல்லுங்க."

என் கடையை விட்டுப் போகலாமா என்று என்னிடமே ஆலோசனை. அதன் பெயர் என்ன என்று கேட்டேன். 'சுபக்கணக்கு'. என்னுடையது 'தினக்கணக்கு'. பெயரைக்கூடச் சொந்தமாக யோசிக்கத் துப்பில்லாத அந்த நாய் யார் என்றேன்.

"அட, முன்னாடி ஒங்ககூட வருவாருல்ல, தெய்வேந்திரன். அவருதான்."

மூன்று வருஷம் என் மென்பொருளை ஊர் ஊராகக் கொண்டுபோய் விற்றுக் கொடுத்தவன். ஜோதிடர்களுக்குச் செய்து காட்ட வேண்டும் என்று, நான் எழுதிய நிரல் மொத்தமும் இருந்த லேப்டாப்பையே தூக்கிக்கொண்டு சுற்றினான். நான்தான் கொடுத்தேன். ஜனவரியில் உடம்பு சரியில்லை என்று நின்றுகொண்டான். இப்போதுதான் தெரிகிறது, எவ்வளவு நல்ல உடம்பு என்று.

சிலிண்டர் பதிவு செய்ய வேண்டும். அம்மா மூன்று நாளாகச் சொல்கிறாள்.

ஆகஸ்ட் 20

கோமதிநாயகம் பெயரிலேயே சுபக்கணக்கு ஒன்று வாங்கினேன், பில்லோடு. திறந்து பார்த்தேன். என்னுடைய நீலத்தை அவன் காவி ஆக்கியிருக்கிறான். பிள்ளையார் படம் ஒன்று சேர்த்திருக்கிறான். முடிந்தது அவன் உழைப்பு.

என் மென்பொருளில் மற்றவர்களிடம் இல்லாத ஒரு சங்கதி உண்டு. பழைய ஆட்கள் பிறந்த தேதியைத் தமிழில்தான் குறித்து வைப்பார்கள். ஆவணி 7, காலை 6.10, அவ்வளவுதான். மற்ற மென்பொருளில் அதை ஆங்கிலத் தேதியாக மாற்றித்தான் போட முடியும். என்னுடையதில் தமிழ்த் தேதியை அப்படியே அடிக்கலாம். அதற்கு எந்த வருஷம் எந்த மாதத்துக்கு எத்தனை நாள் என்று தெரிய வேண்டும். தமிழ் மாதம் சூரியன் போக்கில் போவது. இருபத்தொன்பது நாளும் வரும், முப்பத்திரண்டும் வரும். நூற்றைம்பது வருஷம், ஆயிரத்து எண்ணூறு மாதம். எட்டு மாதம் நூலகத்தில் உட்கார்ந்து, செல்லரித்த பஞ்சாங்கங்களைப் பார்த்து ஒவ்வொன்றாக அடித்தேன். தும்மித் தும்மி மூக்கில் ரத்தம் வந்தது.

எனக்கு ஜோதிடத்தில் எள்ளளவும் நம்பிக்கை கிடையாது. அப்பா கறுப்புச் சட்டைக்காரர். அமெரிக்கப் பகுத்தறிவாளரின் பெயரை எடுத்து எனக்கு இங்கர்சால் என்று வைத்தவர். அவர் இருந்தவரை ஜாதகம் என்ற சொல்லே வீட்டுக்குள் வந்ததில்லை. எனக்கு இது வெறும் கணக்கு. நல்ல கணக்கு. அதைத்தான் திருடியிருக்கிறான்.

ஆகஸ்ட் 23

வக்கீல் சாரதாமணியைப் பார்த்தேன். கோர்ட்டுக்கு எதிரே மாடியில் அலுவலகம். ஐம்பது வயது இருக்கும். நான் பேசிய இருபது நிமிஷமும் வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தார்.

"சரி. ஆனி மாசத்துக்கு எத்தன நாள்னு சொன்னது யாரு? நீயா, சூரியனா?"

"எட்டு மாசம் உக்காந்து அடிச்சது நான் மேடம்."

"உன் முதுகு வலிக்குச் சட்டத்துல எடமில்ல. நடந்த விஷயம் யாருக்கும் சொந்தம் கெடையாது. அதைத் தேர்ந்தெடுத்து அடுக்குனதுல உன் மூளை எங்க இருக்குன்னு காட்டணும். மாச வரிசையில அடுக்குறதுக்குப் பெரிய மூளை வேணாம். டேபிளை விடு. உன் நிரலைப் பேசுவோம். அது உன்னுது. சட்டப்படி அது இலக்கியப் படைப்பு, தெரியுமா? கவிதை எழுதுறவனுக்கு என்ன பாதுகாப்போ அதேதான் உனக்கும்."

நான் எழுதியது கவிதை இல்லை என்றேன்.

"ஜட்ஜுக்கும் அது புரியாது, கவலைப்படாத. இப்பச் சொல்லு, உன் சாப்ட்வேர்ல தப்பு என்ன இருக்கு?"

"தப்பே இல்ல."

கடலையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "தப்பு இல்லேன்னா உனக்குக் கேஸும் இல்ல. பரீட்சையில ரெண்டு பேரு சரியா எழுதுனா ரெண்டு பேரும் படிச்சவன். ரெண்டு பேரு ஒரே தப்பை எழுதுனா ஒருத்தன் பாத்து எழுதுனவன். போயி உன் தப்பைக் கண்டுபிடிச்சிட்டு வா."

திருடியவன் அவன். தப்பைத் தேட வேண்டியவன் நான்.

ஆகஸ்ட் 24

தரகர் வந்திருந்தார். எழிலி அக்காவுக்கு வரன். விராட்டிபத்து, இரண்டாம் தாரம்.

"ஆயில்யம்னாலும் பரவால்லங்கிறாங்கம்மா" என்று அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார். "ஏன்னா அவுங்க வீட்ல மாமியாரு போய்ச் சேந்து அஞ்சு வருஷமாச்சு."

ஆயில்யம் நட்சத்திரத்தில் பிறந்த பெண் மாமியாருக்கு ஆகாதாம். அக்காவுக்கு முப்பத்து நான்கு. ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. தரகர் போனதும் என் அறை வாசலில் வந்து நின்றாள்.

"மாமியார் போட்டோவா இருக்க வீடாப் பாக்குறாய்ங்கடா எனக்கு. போயி மாலையப் போட்டுட்டு நேரா அடுப்பங்கரைக்குப் போயிறலாம்."

சிரித்துவிட்டுப் போனாள். முட்டாள் ஜனங்கள்.

ஆகஸ்ட் 29

இரண்டு மென்பொருளையும் ஒப்பிட ஒரு நிரல் எழுதி ஓடவிட்டேன். ஆயிரத்து எண்ணூறு மாதமும் ஒன்றுபோல் இருக்கின்றன. பஞ்சாங்கத்தோடும் ஒத்துப்போகின்றன. ஒரு பிழை இல்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக என் சுத்தம் என்னையே வெறுப்பேற்றுகிறது.

செப்டம்பர் 2

சாரதாமணி அனுப்பிய வக்கீல் நோட்டீசுக்குத் தெய்வேந்திரனிடமிருந்து பதில். மாத நாட்கள் 'பொதுவெளியில் உள்ள தகவல்' என்றும், நிரலை அவனே 'இரவு பகலாக' எழுதினான் என்றும். அவனுக்கு ஃபைலைத் திறந்து மூடத்தான் தெரியும். மூடவும் நான்தான் சொல்லிக்கொடுத்தேன்.

அக்காவின் ஸ்கூட்டருக்கு பிரேக் வயர் மாற்றினேன்.

செப்டம்பர் 8

கிடைத்துவிட்டது!

புகார் நோட்டு. ஜோதிடர்கள் போனில் சொல்லும் குறைகளைத் தெய்வேந்திரன் அதில் எழுதி வைப்பான், நான் பக்கத்தில் சிவப்பு மையில் பதில் எழுதுவேன். இரண்டு வருஷத்துக்கு முந்தைய ஏப்ரல் மாதப் பக்கத்தில் அவன் கையெழுத்தில் இருக்கிறது: "திருமங்கலம் கோமதிநாயகம். ஆனி 32-ல் பிறந்தவருக்கு நட்சத்திரம் ஒரு நாள் முந்தி வருகிறது. பார்க்கவும்."

அப்படியே நிரலைத் திறந்து தேடினேன். அட்டவணையில் முப்பத்திரண்டு சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் அதற்கு முன்னாலேயே, தேதியை வாங்கும் இடத்தில், ஒரு வரி: நாள் முப்பத்தொன்றுக்கு மேல் வந்தால் முப்பத்தொன்று என்று வைத்துக்கொள். வேலையைத் தொடங்கிய முதல் வாரத்தில் எழுதியது. ஆங்கில மாதத்திலேயே வளர்ந்தவனுக்கு முப்பத்திரண்டாம் தேதி என்று ஒன்று இருக்கும் என்று தோன்றவில்லை. பிறகு பஞ்சாங்கம் பார்த்து முப்பத்திரண்டு முப்பத்திரண்டாக அடித்தபோது அந்த வரியைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஜாதகத்தின் தலைப்பில் நாம் அடித்த 32 அப்படியே அச்சாகும். உள்ளே கணக்கு முப்பத்தொன்றுக்கு ஓடும். ஒரு நாள் முந்தினால் ஒரு நட்சத்திரம் முந்திவிடும்.

சுபக்கணக்கில் ஆனி 32 அடித்தேன். அதே தப்பு! ஆடி 45 என்று அடித்தேன். எந்த மடையனும் மறுக்க வேண்டிய தேதி. வாயை மூடிக்கொண்டு ஆடி 31-ன் நட்சத்திரத்தைக் கொடுத்தது. என்னுடையதும் அதையேதான் கொடுக்கிறது.

மாட்டினான். கொத்துப் புரோட்டா வாங்கி வந்தேன், மூன்று பேருக்கும். "என்னடா, லாட்டரியா?" என்றாள் அக்கா.

செப்டம்பர் 10

சாரதாமணி நோட்டைப் பார்த்து மேஜையைத் தட்டினார். "இது போதும்டா ராசா. இந்தத் தப்பு உங்கிட்ட முன்னாடியே இருந்துச்சு, அவனுக்கும் தெரிஞ்சிருந்துச்சு, அவன் கைப்பட எழுதிருக்கான். இனிமே அவன் நிரலை நானே எழுதுனேன்னு சொல்ல முடியாது."

பிறகு பக்கத்தில் இருந்த என் சிவப்பு மையைப் படித்தார். "பயனர் தவறு. அவருக்குத் தேதி அடிக்கச் சொல்லிக்கொடுக்கவும்."

"யாரு, நீயா எழுதுன?"

"ஆமா."

"ம்." அவ்வளவுதான் சொன்னார்.

இன்னொன்றும் வேண்டுமாம். தெய்வேந்திரன் கடை போடுவதற்கு முன், என் மென்பொருளில் முப்பத்திரண்டாம் தேதிக்கு அச்சான பழைய ஜாதகம் ஒன்று, தேதியோடு. சோதனைக்குப் போட்டுப் பார்த்த ஜாதகங்கள் நிறைய இருக்கின்றன, கொண்டு வருகிறேன் என்றேன்.

செப்டம்பர் 11

சோதனைக் கோப்புகளைத் திறந்தேன். முதல் கோப்பே.

செப்டம்பர் 12

தண்ணீர் லாரி வரவில்லை. மோட்டாரும் ஓடவில்லை. வார்டு அலுவலகத்தில் ஒருவனுக்கும் பொறுப்பு கிடையாது. இவர்களை எல்லாம் நிற்க வைத்துச் சுட வேண்டும்.

செப்டம்பர் 13

மோட்டாரைக் கழற்றிப் பார்த்தேன். உள்ளே காயில் எரிந்துபோயிருக்கிறது. கடைக்காரன் இரண்டு நாள் ஆகும் என்கிறான். சண்டை போட்டேன்.

செப்டம்பர் 15

வக்கீல் போன் செய்தார். பழைய ஜாதகம் கிடைத்ததா என்று. இன்னும் இல்லை, தேடிக்கொண்டிருக்கிறேன் என்றேன்.

தேடுவதை நிறுத்தி நான்கு நாள் ஆகிறது.

செப்டம்பர் 16

எழுதித் தொலைக்கிறேன்.

அப்பா இறந்த மறு வருஷம் அக்காவுக்கு வரன் பார்க்கத் தொடங்கினார்கள். எல்லோரும் ஜாதகம் கேட்டார்கள். எங்கள் வீட்டில் ஏது? தினக்கணக்கு அப்போதுதான் ஓடத் தொடங்கியிருந்தது. நானே போட்டுத் தருகிறேன் என்றேன். அப்பா டிரங்குப் பெட்டியில், அக்கா பிறந்த அன்று கிழித்த நாட்காட்டித் தாளை வைத்திருந்தார். அதில் ஆங்கிலத் தேதியும் இருந்தது, தமிழ்த் தேதியும் இருந்தது. ஆங்கிலத் தேதியைப் போட்டிருக்கலாம். எவனும் போடுவான். என்னுடைய சிறப்பு அம்சத்தைச் சோதித்துப் பார்க்கும் ஆசையில் தமிழ்த் தேதியைப் போட்டேன். ஆனி 32.

ஆயில்யம் என்று வந்தது.

அம்மா கையில் வாங்கிப் பார்த்தாள். "வியாழக்கெழமைன்னு போட்டுருக்கு? வெள்ளிக்கெழமைல்லடா பொறந்தா. ஆஸ்பத்திரில அன்னைக்குத்தான் எல்லாருக்கும் சக்கரைப் பொங்கல் குடுத்தாங்க." உனக்கு ஞாபகம் இல்லை, கம்ப்யூட்டருக்கு இருக்கிறது என்றேன். நாட்காட்டித் தாள் என் கையில்தான் இருந்தது. அதில் கிழமையும் இருந்தது. திருப்பிப் பார்க்கவில்லை.

இன்று ஆங்கிலத் தேதியைப் போட்டுப் பார்த்தேன். மகம்.

மகம் ஜகத்தை ஆளும் என்று சொல்லிக்கொண்டு பெண் கேட்டு வருவார்கள், இதே ஜனங்கள்.

செப்டம்பர் 17

மேலூர் வரன் தனஞ்செயன். பாலிடெக்னிக் ஆசிரியர். இரண்டு மாதம் அக்காவோடு போனில் பேசினார். அக்கா மொட்டை மாடிக்குப் போய்ப் பேசுவாள். துணி காயப்போடப் போகிறேன் என்பாள், கையில் துணி இருக்காது. ஜாதகம் கைக்குப் போனதும் அவர் அம்மா ஒரே வார்த்தையில் வேண்டாம் என்றுவிட்டார். அது இரண்டு வருஷத்துக்கு முந்தைய அக்டோபர்.

கோமதிநாயகத்தின் புகார் அதே வருஷம் ஏப்ரல்.

தனஞ்செயன் ஜாதகமும் அந்தக் கோப்பில்தான் இருக்கிறது. மகத்தோடு வைத்துப் பொருத்தம் போட்டேன். பத்துக்கு எட்டு. நட்சத்திரத்தை நம்பாத எனக்கு எட்டு வந்தால் என்ன, எண்பது வந்தால் என்ன? மூடிவிட்டேன். மறுபடி திறந்து போட்டேன். எட்டுதான்.

அவருக்குப் போன மாசி மாதம் குழந்தை பிறந்தது.

செப்டம்பர் 20

தெய்வேந்திரன் சமாதானம் பேசக் கூப்பிட்டான். ரயில்வே காலனி டீக்கடை. கையில் தங்கக் காப்பு, நெற்றியில் சந்தனம். நல்ல விளைச்சல்.

"இங்கரு, கோவப்படாமக் கேளு. எதை வச்சுக் கேஸ் போடப் போறன்னு எனக்குத் தெரியும். அந்த முப்பத்திரெண்டுதான? நோட்டுல எழுதுனதே நாந்தான்யா."

"தெரிஞ்சும் தப்போட அப்படியே காப்பி அடிச்சிருக்க. அதைக்கூடத் திருத்தத் தெரியல உனக்கு."

"தெரியலதான். ஒத்துக்கிறேன். தெரிஞ்ச நீ திருத்துனியா?" டீயை ஊதிக்கொண்டே சொன்னான். "நான் எழுதுனேன், பார்க்கவும்னு. நீ என்ன எழுதுன? சரி, அதை விடு. கோர்ட்டுல இதைக் காட்டுனா என்ன ஆகும்? ரெண்டு பேரு ஜாதகமும் தப்புன்னு ஊருக்கே தெரியும். ஜோசியக்காரங்க ரெண்டு பேரையும் செருப்பால அடிப்பாங்க. நீயும் சத்தமில்லாமத் திருத்து, அந்த வரியை எனக்கும் குடு, நானும் திருத்திக்கிறேன். வைகைக்கு அங்கிட்டு உனக்கு, இங்கிட்டு எனக்கு. ஒரு பயலுக்கும் தெரியாது."

எழுந்து வந்துவிட்டேன். அடிக்காமல் வந்ததே பெரிது.

ஒரு பயலுக்கும் தெரியாது என்றதைக் கேட்டபோது ஒரு நொடி நெஞ்சு லேசானது. அதை எழுதாமல் விட்டால் இந்த நோட்டுக்கு அர்த்தமில்லை.

செப்டம்பர் 23

நிரலில் அந்த வரியைத் திருத்திவிட்டேன். நான்கு நிமிஷம் ஆனது. இன்னும் யாருக்கும் அனுப்பவில்லை.

செப்டம்பர் 27

ஞாயிறு. அக்கா கொல்லையில் மீன் உரசிக்கொண்டிருந்தாள். போய் நின்று சொன்னேன். மனசில் ஒத்திகை பார்த்து வைத்ததெல்லாம் காணாமல் போயிற்று. ஆனி 32, ஒரு வரி, முப்பத்தொன்று, நீ ஆயில்யம் இல்லை, மகம் என்று துண்டு துண்டாகச் சொன்னேன்.

உரசுவதை அவள் நிறுத்தவில்லை.

"எப்பத் தெரியும் உனக்கு?"

"பதினோராந் தேதி."

"இன்னைக்கு இருபத்தேழு."

"ம்."

"அதுக்கு முன்னாடி எவனாவது சொன்னானா?"

சொல்லாமல் இருந்திருக்கலாம். புகார் நோட்டையும் சொன்னேன். சிவப்பு மையையும் சொன்னேன். எந்த வருஷம், எந்த மாதம் என்று கேட்டாள். ஏப்ரல் என்றேன். உரசும் சத்தம் நின்றது. அவளும் மாதங்களைக் கூட்டிப் பார்த்திருப்பாள்.

"மேலூருல இருந்து அவரு அம்மா எனக்குப் போன் போட்டாங்கடா" என்றாள். "உன்னைப் புடிக்காம இல்லத்தா, எனக்கு உசுரு மேல ஆசை, மன்னிச்சுக்கன்னாங்க. நான் அந்தப் பொம்பளைக்கு ஆறுதல் சொன்னேன்."

"நட்சத்திரம் பாத்து வேணாங்கிற குடும்பத்துக்கு நீ போகாததே..." என்று தொடங்கினேன்.

"வாயை மூடு." அக்கா என்னிடம் அப்படிப் பேசியதே இல்லை. "அந்த வீட்டுக்குப் போறதா வேணாமான்னு நான் முடிவு பண்ணணும். இல்ல அந்தப் பொம்பளை முடிவு பண்ணணும். நீ யாரு? நம்பிக்கை இல்ல, நம்பிக்கை இல்லங்கிற. நம்பிக்கை இல்லாதவனுக்கு அடுத்தவன் ஜாதகத்துல என்னடா அலட்சியம்? நான் லேப்ல கடவுளை நம்பி ரத்தம் பாக்கல. ஒரு டியூப் மாறிப்போச்சுன்னா அந்த ஆளு வீட்டுக்கு நானே போன் போடுவேன். அவன் சொன்னதும் டியூபத்தான் பாப்பேன். அவனைப் பாத்து நீ தப்புன்னு சிவப்பு மையில எழுத மாட்டேன்."

சத்தம் கேட்டு அம்மா வந்தாள். விஷயம் புரிய நேரமானது. புரிந்ததும் "வெள்ளிக்கெழமைன்னு அன்னைக்கே சொன்னேன்ல" என்று அழத் தொடங்கினாள்.

அக்கா கை கழுவிவிட்டு ஒன்றுதான் கேட்டாள். "உங்கிட்ட வாங்குன ஜோசியக்காரங்க எத்தன பேரு?"

"முந்நூத்திப் பன்னெண்டு."

"நாளைக்கே எல்லாருக்கும் சொல்லு."

செப்டம்பர் 28

வக்கீலிடம் சொன்னேன். அவருக்குக் கோபம் தலைக்கேறியது.

"பைத்தியமா உனக்கு? கோர்ட்டுல ஆளு போட்டு அவன் கம்ப்யூட்டரைப் பாக்குற வரைக்கும் வாயைத் தொறக்கக் கூடாது. நீ தப்புன்னு ஊருக்குச் சொன்ன மறுநாளு அவனும் எவனையாவது வச்சுத் திருத்திட்டு, எங்கிட்ட அப்படி ஒரு தப்பே இல்லையேன்னு நிப்பான்."

"எவ்வளவு நாள் ஆகும் மேடம்?"

"ஒரு மாசம். கூடவும் ஆகலாம்."

வீட்டுக்கு வந்து சொன்னேன். அக்கா லேபுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள்.

"ஒரு மாசம். ஐப்பசி பொறந்துரும். எத்தன வீட்டுல பொருத்தம் பாப்பாங்க? அதுல எத்தன ஆனி முப்பத்திரெண்டு?"

தெரியாது என்றேன்.

"எனக்கும் தெரியாது" என்று ஸ்கூட்டரை உதைத்தாள்.

எனக்கு இந்த வழக்கு வேண்டும். அவன் கையில் இருக்கும் காப்பைக் கழற்ற வைக்க வேண்டும். எட்டு மாதத் தும்மல், ஐந்து வருஷ வேலை. ஒரு மாதம் சும்மா இருந்தால் போதும், ஜெயித்துவிடுவேன்.

காலை பதினொன்றுக்கு முதல் போன் போட்டேன்.

அக்டோபர் 1

மூன்று நாளில் நூற்று நாற்பது பேர். தொண்டை கட்டிவிட்டது.

முதல் போன் கோமதிநாயகத்துக்கு. அன்று நீங்கள் சொன்னது சரி, தப்பு என்னுடையது என்றேன். "நான் எல்லாருக்கும் பரிகாரம் சொல்றவன் தம்பி. ஒங்க மிஷினுக்கு என்ன பரிகாரம் சொல்றது?" என்றார். முப்பத்திரண்டாம் தேதிக்காரர்களைத் தன் பதிவேட்டில் தேடி, வீடு வீடாகச் சொல்லிவிடுகிறேன் என்றார். வைக்கும்போது, "அந்தச் சொல்லிக்கொடுக்கவும்ங்கிறதைத்தான் மறக்க முடியல. தெய்வேந்திரன் வாசிச்சே காட்டுனாரு" என்றார்.

உசிலம்பட்டிக்காரர் என் தாயைத் திட்டினார். சோழவந்தானில் ஒருவர், "அப்படியா? சரி" என்று சாதாரணமாக வைத்துவிட்டார். எனக்கு உசிலம்பட்டியே மேல்.

அக்டோபர் 6

முந்நூற்றுப் பன்னிரண்டும் முடிந்தது. எண்பத்தேழு பேர் இனி வேண்டாம் என்றுவிட்டார்கள். அதில் பாதிப் பேர் சுபக்கணக்குக்குப் போயிருக்கிறார்கள். அவன் நேற்று எல்லோருக்கும் செய்தி அனுப்பியிருக்கிறான்: "எங்கள் மென்பொருளில் முப்பத்திரண்டாம் தேதிப் பிழை இல்லை!" நான் சொல்லி இவன் திருத்தியிருக்கிறான். திருத்தியதையும் விளம்பரம் ஆக்கியிருக்கிறான். சுவரில் குத்தினேன். கை வீங்கியிருக்கிறது. சுவருக்கு ஒன்றும் ஆகவில்லை.

சாரதாமணி திட்டி முடித்துவிட்டுச் சொன்னார்: "சரி, நீ பில்லோட வாங்குன பழைய பிரதி இருக்கு. நோட்டு இருக்கு. முன்ன மாதிரி உறுதியா சொல்ல மாட்டேன். பாதிக்குப் பாதி. ஆனா அந்தப் பழைய ஜாதகம் இல்லாம நான் கோர்ட்டுப் படி ஏற மாட்டேன்."

அக்டோபர் 9

மனுவோடு போகும் உறுதிமொழியை வக்கீல் அலுவலகத்தில் தயார் செய்தோம். அக்கா அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு வந்திருந்தாள். நான் கூப்பிடவில்லை. அன்றிலிருந்து என்னோடு தேவைக்கு மட்டும்தான் பேசுகிறாள். தாளை வாங்கி மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு முதலிலிருந்து படித்தாள்.

பதினான்காம் பத்தியில் நான் இப்படிச் சொல்லி அடிக்க வைத்திருந்தேன்: "மேற்படி பிழை, தொடக்க காலத்தில் வாடிக்கையாளர் ஒருவருக்கு அளிக்கப்பட்ட ஜாதகத்திலும் காணப்படுகிறது."

"யாரு அந்த வாடிக்கையாளர்?" என்றாள் அக்கா.

தாளை வாங்கக் கை நீட்டினேன்.

வக்கீலின் மேஜையிலிருந்து அக்கா பேனாவை எடுத்து அந்த வரியை அடித்தாள். மேலே எழுதினாள், லேபில் டியூப்களுக்கு ஒட்டும் சீட்டில் எழுதுவாளே, அதே தெளிவான எழுத்தில்: "என் அக்கா எழிலிக்கு நான் கணித்துக் கொடுத்த ஜாதகத்தில் இப்பிழை உள்ளது. என் அம்மா அன்றே சுட்டிக் காட்டினார். நான் சரிபார்க்கவில்லை."

"கடைசி ரெண்டு வரி கேஸுக்குத் தேவையில்லம்மா" என்றார் சாரதாமணி. "எதிர்த்தரப்பு இதை வச்சு இவனைக் கிழிப்பான்."

"கிழிக்கட்டும் மேடம். சாட்சி கூப்பிட்டா நான் வர்றேன். அந்தத் திருட்டுப் பயலுக்கும் நான் பதில் சொல்றேன். ஆனா அந்த ரெண்டு வரி இருந்தாத்தான் ஜாதகத்தைக் குடுப்பேன்."

பையிலிருந்து அதை எடுத்தாள். எத்தனை வீட்டுக்குப் போய் வந்ததோ, மடிப்பெல்லாம் கிழிந்து டேப் ஒட்டியிருந்தது. ஓரங்களில் மஞ்சள். வக்கீல் என்னைப் பார்த்தார். இருக்கட்டும் என்றேன்.

மறுபடி அடித்துக் கொண்டுவர அரை மணி நேரம். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். கடைசிப் பக்கத்தில், மேற்படி நிரலின் ஒவ்வொரு வரியும் என்னால், என்னால் மட்டுமே, வேறு எவர் உதவியுமின்றி எழுதப்பட்டது என்று இருந்தது. ஆகஸ்டில் இந்த வாக்கியத்தைத்தான் நான் கோர்ட்டில் கத்திச் சொல்ல ஆசைப்பட்டேன். அதன் கீழே, 'ஆசிரியர்' என்று அச்சிட்டிருந்த இடத்தில், வீங்கிய கையால் கையெழுத்துப் போட்டேன்.